சந்தைக்கு வழி கேட்ட ஸஹாபி – நாற்பது வயதுக்குப் பிறகு ஒரு புதிய தொழில் பாதை

 

  

இன்றைய ஜும்ஆவில் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரரைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். பெயர் வேண்டாம். தம்மைப் பற்றிச் சொல்ல அவரே அனுமதி தந்தார். "நாலு பேருக்குப் பயன்படும்னா சொல்லுங்க ஹஜ்ரத்" என்றார்.

சிவில் இன்ஜினியரிங் முடித்து, அதற்கு மேல் எம்.இ.யும் படித்தவர். சவூதியில் 19 ஆண்டுகள் வேலை. 2017 ஜூலையில் அங்கே வெளிநாட்டவரின் குடும்ப உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆண்டுக்கு 100 ரியால் வீதம் ஏறி, 2020ல் அது 400 ஆனது. நம் ஊர்க் குடும்பங்கள் எத்தனையோ அந்த நேரத்தில்தான் மூட்டை கட்டின. இவரும் மனைவி மக்களை முதலில் அனுப்பினார். பிறகு புராஜெக்ட் முடிந்தது. ஃபைனல் எக்ஸிட். 47 வயதில் ஊர் வந்து சேர்ந்தார்.

முதல் சில வாரங்கள் முதல் ஸஃப்பில் நின்றார். பிறகு காணவில்லை. ஒரு நாள் கடைத்தெருவில் பார்த்து விசாரித்தேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஹஜ்ரத், தொழுதுட்டு கை கொடுக்க வர்ற பத்துப் பேர்ல எட்டுப் பேரு, லீவா, எப்ப திரும்பன்னுதான் கேக்குறாங்க. என்ன சொல்றதுன்னு தெரியல. அதான் பைபாஸ் ரோட்டுப் பள்ளிக்குப் போயிடுறேன். அங்க என்னை யாருக்கும் தெரியாது."

சகோதரர்களே! ஒரு மனிதர் வேலையை இழந்தார். அதோடு சேர்த்துத் தம் பள்ளிவாசலையும் இழந்திருந்தார். இதில் என் பங்கும் உண்டு. அவர் ஊர் வந்த புதிதில் என்னிடம் வந்து பேசினார். "ஸப்ரு செய்யுங்க, அல்லாஹ் பெரியவன்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, "மினாரா பக்கம் தண்ணீர் கசிகிறது, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்று வேலையும் வாங்கினேன். பார்த்துக் கொடுத்தார். கூலி கொடுக்க எனக்கும் தோன்றவில்லை, நிர்வாகத்திற்கும் தோன்றவில்லை. இன்றைய பயான் முதலில் எனக்கு.

நிறையப் படித்தவர், அனுபவம் உள்ளவர், நடுவயதில் வேலை போய் நிற்கும்போது மார்க்கம் அவருக்கு என்ன வழி காட்டுகிறது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

நாற்பதைத் தாண்டி மதீனாவுக்கு வந்தவர்

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் யானை ஆண்டுக்குச் சுமார் பத்து ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்தக் கணக்குப்படி ஹிஜ்ரத்தின்போது அவர்களுக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். மக்காவில் கைதேர்ந்த வணிகர். மதீனாவுக்கு வரும்போது கையில் முதல் இல்லை, தெரிந்த வாடிக்கையாளர் இல்லை, ஊரும் புதிது.

நபி (ஸல்) அவர்கள் அவரை ஸஃது இப்னு ரபீஃ (ரலி) என்ற அன்ஸாரித் தோழருக்குச் சகோதரர் ஆக்கினார்கள். தம் செல்வத்தில் சரிபாதியைத் தர ஸஃது (ரலி) முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவருடைய குடும்பத்திற்கும் செல்வத்திற்கும் பரக்கத் வேண்டி துஆ செய்துவிட்டு, இங்கே வியாபாரம் நடக்கும் சந்தை எது என்று மட்டும் விசாரித்தார்கள். பனூ கைனுகா சந்தையைக் காட்டினார்கள். போனார்கள். திரும்பி வரும்போது கையில் இருந்த லாபம் கொஞ்சம் பாலாடைக்கட்டி, கொஞ்சம் நெய். மறுநாளும் போனார்கள். அதற்கு அடுத்த நாளும் போனார்கள். சில நாட்களிலேயே ஒரு பெண்ணை மணமுடித்து, பேரீச்சங்கொட்டை எடையளவு தங்கத்தை மஹராகக் கொடுத்ததாக நபியவர்களிடம் வந்து சொன்னார்கள். ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். ஸஹீஹ் புகாரியில் பதிவான சம்பவம் இது.

இதை நாம் பெரும்பாலும் அன்ஸாரிகளின் தாராள குணத்திற்கு உதாரணமாகச் சொல்வோம். இன்று அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் இடத்தில் நின்று பாருங்கள். மக்காவில் பெரிய வணிகராக இருந்த ஒருவர், முதல் நாள் மாலை கொஞ்சம் நெய்யும் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு நடந்து வருகிறார். யார் பார்ப்பார்களோ என்று அவர் கூசவில்லை. மக்காவில் விட்டு வந்த சொத்தைக் கணக்குப் பார்த்து உட்காரவும் இல்லை. காஃபிர்கள் அவருடைய செல்வத்தைத் தடுக்க முடிந்தது. வியாபாரம் செய்யத் தெரிந்த அறிவைத் தடுக்க முடியவில்லை. அது அவரோடு ஹிஜ்ரத் செய்து வந்தது. பிற்காலத்தில் மதீனாவின் பெரும் செல்வந்தர்களில் ஒருவராக அல்லாஹ் அவரை ஆக்கினான். அந்தச் செல்வத்தின் முதல் கணக்கு பாலாடைக்கட்டியும் நெய்யும்தான்.

அரண்மனையில் இருந்து ஆட்டு மந்தைக்கு

இரண்டாவது, மூஸா (அலை) அவர்கள். ஃபிர்அவ்னின் அரண்மனையில் வளர்ந்தவர்கள். ஒரு நாள் எல்லாம் போனது. உயிருக்கு அஞ்சி மத்யனுக்கு வந்தார்கள். சூரா அல்கஸஸின் 22 முதல் 28 வரையிலான வசனங்களை வீட்டில் பொருளோடு வாசித்துப் பாருங்கள். அதில் சம்பவங்கள் நடக்கும் வரிசை முக்கியம்.

கிணற்றடியில் கூட்டம். இரண்டு பெண்கள் தங்கள் ஆடுகளைத் தடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார்கள். தந்தை வயதானவர் என்கிறார்கள். மூஸா (அலை) அவர்கள் அவர்களுக்காக நீர் இறைத்துப் புகட்டினார்கள். பிறகுதான் நிழலுக்குப் போய் உட்கார்ந்து, நீ இறக்கும் எந்த நன்மைக்கும் நான் தேவையுள்ளவன் என்ற கருத்தில் தம் ரப்பிடம் கையேந்தினார்கள். அதன் பிறகு அழைப்பு வந்தது. வேலை வந்தது. வீடும் குடும்பமும் வந்தன.

வேலை தேடி ஊரில் நுழைந்தவர், தமக்கு வேலை இல்லாத நேரத்தில் இன்னொருவரின் வேலையைச் செய்து கொடுத்தார். அவரைப் பணியில் அமர்த்தச் சொல்லி அந்தப் பெண்களில் ஒருவர் தந்தையிடம் எடுத்துச் சொன்ன காரணங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, அவர் வலிமையானவர். இரண்டு, நம்பிக்கையானவர். இந்த இரண்டையும் அவர்கள் கிணற்றடியில் கண்ணால் பார்த்திருந்தார்கள். அரண்மனைப் பெருமை அந்தப் பட்டியலில் இல்லை.

எட்டு ஆண்டுகள், விரும்பினால் பத்து ஆண்டுகள் என்று ஒப்பந்தம். நீண்ட தவணையையே மூஸா (அலை) பூர்த்தி செய்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னதாக புகாரியில் வருகிறது. அந்தப் பத்து ஆண்டுகளை வீணான காலம் என்று சொல்ல முடியுமா? குடும்பத்தோடு அங்கிருந்து புறப்பட்ட பயணத்தில்தானே தூர் மலையின் பக்கம் நெருப்பைக் கண்டார்கள்! அங்கேதானே நபித்துவம் கிடைத்தது!

பட்டம் என்பது ஒன்று, கைவந்த திறன் இன்னொன்று

நம் சகோதரரின் கதைக்கு வருகிறேன். கடைத்தெருவில் பார்த்த அன்று இரவு அவரை வீட்டுக்கு அழைத்துப் பேசினேன். "நீங்க யாரு?" என்று கேட்டேன். "கியூசி இன்ஜினியர்" என்றார். "அது உங்க இகாமாவுல இருந்தது. நீங்க அங்க தினமும் காலையில போய் என்ன செஞ்சீங்க, அதைச் சொல்லுங்க" என்றேன். கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி தப்பைக் கண்டுபிடிப்பேன் ஹஜ்ரத். போட்ட பிறகு கண்டுபிடிச்சுப் புண்ணியம் இல்ல."

அவர் படிப்பைப் பற்றிப் பேசினால் வேலை வாய்ப்பே இல்லை என்று தோன்றியது. செய்த காரியத்தைப் பற்றிப் பேசியதும் வேறொன்று தெரிய ஆரம்பித்தது. சில நாட்கள் கழித்து, தெருவில் ஒரு வீடு கட்டுகிற இடத்தைக் கடந்து போயிருக்கிறார். வீட்டுக்காரர் குவைத்தில். இங்கே வயதான உம்மா மட்டும். மறுநாள் கூரைக்குக் கான்கிரீட் போட ஏற்பாடு. எட்டிப் பார்த்தால், கம்பிக்கு அடியில் கவர் பிளாக்கே வைக்கவில்லை. கம்பி நேராகப் பலகை மேல் கிடக்கிறது. அப்படியே கான்கிரீட் போட்டால் கம்பிக்குக் கீழே மூடுவதற்குக் கான்கிரீட் இருக்காது, உப்புக்காற்று அடிக்கிற நம் ஊரில் சில வருடங்களில் துருப்பிடித்துக் கூரை பொரிந்து விழும். மேஸ்திரியிடம் பக்குவமாகப் பேசி, நின்று சரி செய்ய வைத்துவிட்டு வந்தார். காசு எதுவும் பேசவில்லை. குவைத்தில் இருந்து அந்த மகன் அன்றிரவு போன் செய்தார்: "காக்கா, வீடு முடியிற வரைக்கும் நீங்களே பாத்துக் கொடுங்க. என்ன கூலின்னு சொல்லுங்க."

கிணற்றடியில் நடந்த அதே வரிசை! வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே வீடு கட்டுகிறவர்களுக்காக மேற்பார்வை பார்ப்பதுதான் இன்று அவருடைய தொழில். வருமானம் சவூதிச் சம்பளத்தில் பாதிகூட வராது. மகனை முதலில் நினைத்த கல்லூரியில் சேர்க்க முடியவில்லை. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர் மீண்டும் முதல் ஸஃப்புக்கு வந்துவிட்டார்.

இது இன்ஜினியர்களுக்கு மட்டும் உள்ள விஷயமா? ஏழு வருடம் ஓதி ஸனது வாங்கிய எங்கள் ஆலிம்களுக்கும் இதே நிலைதான். என்னோடு ஓதியவர்களில் ஒருவர் அத்தர் கடை வைத்திருக்கிறார், ஒருவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். "ஓதியதெல்லாம் வீணாப் போச்சா?" என்று வேன் ஓட்டும் நண்பர் ஒரு தடவை கேட்டார். பெற்றோர்கள் மற்ற வேன்களை விட்டுவிட்டுத் தங்கள் பெண் பிள்ளைகளை அவர் வேனில்தான் அனுப்புகிறார்கள். ஓதிய ஓதல் அங்கே அமானிதமாக நிற்கிறது. இல்ம் எங்கே போய்விட்டது?

தகுதியைச் சொல்லிக்கொள்ளலாமா, பெருமையாகிவிடாதா என்று சிலர் தயங்குகிறார்கள். யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்து மன்னரிடம் நாட்டின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தாம் பாதுகாக்கத் தெரிந்தவர், விஷயம் அறிந்தவர் என்று தம் தகுதியைத் தாமே எடுத்துச் சொன்னதைக் குர்ஆன் பதிவு செய்கிறது. உள்ளதைச் சொல்வது பெருமை ஆகாது. இல்லாத அனுபவத்தைப் பயோடேட்டாவில் எழுதுவதுதான் பொய்.

இமாம் கஸ்ஸாலி விட்டதும் விடாததும்

வேலை போனதால் பாதை மாறுகிறவர்கள் ஒரு வகை. நல்ல பதவியில் இருந்துகொண்டே, இது நம் வழி இல்லை என்று உள்ளம் உறுத்துகிறவர்கள் இன்னொரு வகை. அவர்களுக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்க்கையில் பாடம் இருக்கிறது.

பாக்தாதின் நிஜாமிய்யா மத்ரஸா அக்காலத்தின் உச்சிக் கல்விக்கூடம். அதன் பேராசிரியராக 1091ல் அமர்ந்தார்கள். 1095ல், நாற்பதை நெருங்கும் வயதில், புகழ் உச்சியில் இருந்தபோது, யாருக்காகப் பாடம் நடத்துகிறோம், அல்லாஹ்வுக்கா, பெயருக்கா என்ற கேள்வி அவர்களைப் பிடித்தது. ஏறக்குறைய ஆறு மாதம் போவதா இருப்பதா என்று தத்தளித்ததையும், நாக்கு எழாமல் பாடம் நடத்த முடியாமல் போனதையும், உணவு இறங்காமல் போனதையும், மருத்துவர்கள் கைவிட்டதையும் 'அல்முன்கிது மினள் ளலால்' நூலில் தாமே எழுதியிருக்கிறார்கள். பதவியை விட்டு ஷாமுக்குப் புறப்பட்டார்கள்.

இதில் நாம் கவனிக்காமல் விடும் ஒரு செய்தி உண்டு. தம் செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்தபோது, பிள்ளைகளின் உணவுக்கும் தேவைக்கும் உரியதை எடுத்து வைத்த பிறகே மற்றதைக் கொடுத்ததாக அதே நூலில் சொல்கிறார்கள். ஆன்மிகத்திற்காகப் பதவியைத் துறந்த மாமேதையே வீட்டு அரிசிக்கு வழி செய்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். "மனசு சரியில்லை" என்று இன்று ராஜினாமாக் கடிதத்தை நீட்டிவிட்டு நாளை வீட்டு வாடகைக்கு மச்சானிடம் கை நீட்டும் தம்பிமார்கள் இதை யோசிக்க வேண்டும். 1106ல் நிஷாபூர் நிஜாமிய்யாவில் அவர்கள் மீண்டும் பாடம் நடத்தினார்கள். அதே வேலைதான், வேறு நிய்யத்.

பாதை மாறுகிறவர் கவனிக்க வேண்டியவை

1. வீட்டில் உண்மையைச் சொல்லுங்கள். காலையில் சட்டை மாட்டிக்கொண்டு அலுவலகம் போவதுபோல் போய் பஸ் ஸ்டாண்டில் உட்காருகிறவர்கள் நம் சமுதாயத்தில் இருக்கிறார்கள். மனைவிக்குத் தெரிந்தால் சுமை பாதியாகும். மனைவியின் சம்பாத்தியத்தில் வீடு நடந்தால் அதைக் கேவலமாக நினைக்காதீர்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி), தாம் கணவருக்கும் தம் பொறுப்பில் இருந்த அநாதைகளுக்கும் செலவிடுவது தர்மமாகுமா என்று கேட்டனுப்பியபோது, அதற்கு இரட்டை நன்மை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் பதில் தந்தார்கள்.

2. கையில் வந்த மொத்தப் பணத்தை அவசரப்பட்டு எதிலும் போடாதீர்கள். வெளிநாட்டு சர்வீஸ் பணம் வந்த செய்தி தெரிந்ததும் 'பார்ட்னர்' ஆக அழைக்க ஆள் வருவார்கள். மாதம் இவ்வளவு நிச்சயம் என்று சொல்லி வாங்குகிறவரிடம் கொடுத்தால், அது வட்டியாகவும் முடியலாம், மோசடியாகவும் முடியலாம். கூட்டு வியாபாரம் என்றால் எழுதிக்கொள்ளுங்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், பகராவின் 282ஆவது வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்வது. முதலில் சிறிதாக ஆரம்பித்துப் பாருங்கள். நெய்யும் பாலாடைக்கட்டியும் போதும்.

3. மஷ்வராவும் இஸ்திகாராவும் செய்யுங்கள். குர்ஆனின் சூராவைக் கற்றுத் தருவது போல் இஸ்திகாராவை நபி (ஸல்) அவர்கள் தங்களுக்குக் கற்றுத் தந்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். கனவு வரட்டும் என்று காத்திருப்பதற்குப் பெயர் இஸ்திகாரா அல்ல. விசாரித்து, அனுபவசாலிகளிடம் கேட்டு, இரண்டு ரக்அத் தொழுது, அல்லாஹ்விடம் ஒப்படைத்து, காரியத்தில் இறங்குவதுதான் முறை. காலையில் ஒட்டிய வயிற்றோடு போய் மாலையில் நிரம்பிய வயிற்றோடு திரும்பும் பறவையைத்தானே நபி (ஸல்) அவர்கள் தவக்குலுக்கு உதாரணம் சொன்னார்கள்! அந்தப் பறவை கூட்டை விட்டுக் கிளம்புகிறது.

4. இளையவரிடமும் கற்றுக்கொள்ளுங்கள். தவ்ராத் வழங்கப்பட்ட மூஸா (அலை) அவர்கள், தமக்குத் தெரியாத ஒன்றைக் கற்க ஹிள்ரு (அலை) அவர்களைத் தேடிப் பயணம் போனார்கள். மாணவராகப் பின்தொடர அனுமதி கேட்டார்கள். வெள்ளிதோறும் கஹ்ஃபு சூராவில் இதை ஓதுகிறோம். நம் இன்ஜினியர் சகோதரருக்கு சவூதியின் வேலைமுறை தெரியும். இங்குள்ள எம்-சாண்டின் தரமோ, கொத்தனார் கூலியோ தெரியாது. ஊர் மேஸ்திரியிடம் உட்கார்ந்து கேட்டுக் கற்றார். வேலை நடப்பதைப் படம் பிடித்து, கணக்கோடு வாரம்தோறும் வீட்டுக்காரருக்கு அனுப்பும் விதத்தை அக்கா மகனிடம் கற்றார். எம்.இ. பட்டம் அதற்குத் தடையாக நிற்கவில்லை.

5. ஹலால் என்றால் எந்த வேலையும் இழிவில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு போய் விறகு சுமந்து விற்பது மக்களிடம் கையேந்துவதை விட மேல் என்பது நபிமொழி. தாவூத் (அலை) தம் கை உழைப்பில் சாப்பிட்டார்கள் என்று புகழ்ந்து சொன்னதும் நபி (ஸல்) அவர்கள்தான். தாவூத் (அலை) ஓர் அரசர் என்பதை நினைவில் வையுங்கள்.

ஜமாஅத்தின் கடமை

இதுவரை சொன்னது வேலை இழந்தவருக்கு. இனி நமக்கு.

ஸஃது இப்னு ரபீஃ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். நம்மால் அது முடியாமல் போகலாம். சந்தை எங்கே இருக்கிறது என்று காட்டவாவது முடியுமே! யாரோ ஒருவர் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களுக்கு அந்த வழியைக் காட்டினார். ஒரு போன் நம்பர், ஓர் அறிமுகம், ஒரு சிபாரிசு, இதுதான் இன்றைய வழிகாட்டல்.

தொழுது முடித்து முஸாஃபஹா செய்யும்போது "எப்ப திரும்ப?" என்று கேட்பதை நிறுத்துங்கள். "நல்லா இருக்கீங்களா, வாங்க டீ குடிக்கலாம்" என்று சொல்லுங்கள். பேச வேண்டியதை அவரே பேசுவார். சம்பந்தம் பேசும் இடத்திலும், "மாப்பிள்ளையோட வாப்பா இப்ப சும்மாதான் இருக்கார்" என்று ஒரு மனிதரின் முழு வாழ்க்கையை ஒரு சொல்லில் முடித்துவிடாதீர்கள்.

படித்தவரின் வேலையை இலவசமாக வாங்காதீர்கள். கணக்குப் பார்ப்பவர், மருத்துவர், வக்கீல், இன்ஜினியர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் சகோதரி, எல்லோருக்கும் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். உழைப்பாளியின் வியர்வை காயும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. மினாரா வேலையைப் பார்த்துத் தந்த சகோதரருக்குரிய தொகையை நிர்வாகம் போன மாதம் கொடுத்துவிட்டது, அல்ஹம்து லில்லாஹ். தாமதத்திற்காக அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இன்னொரு காரியமும் செய்திருக்கிறோம். அலுவலகத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். வேலை தேடுகிறவர்கள் தம் பெயரையும், தமக்கு என்ன வேலை செய்யத் தெரியும் என்பதையும் எழுதலாம். பட்டத்தைக் கடைசியில் எழுதினால் போதும். வேலை கொடுக்கக் கூடியவர்கள் அஸருக்குப் பிறகு வந்து அந்த நோட்டைப் பாருங்கள். பெயர் எழுத வெட்கப்படுகிறவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும், விஷயம் என்னோடு இருக்கும்.

அன்பர்களே! ரிஸ்க்கைத் தருபவன் அல்லாஹ். கம்பெனி ஒரு வாசல், பட்டம் ஒரு வாசல். வாசல் அடைபட்டது என்பதற்காக உள்ளே இருப்பவன் கைவிட்டுவிட்டான் என்று நினைக்காதீர்கள். அடுத்த வாசல் எங்கே என்று விசாரித்துப் போங்கள்.

யா அல்லாஹ்! வேலை இழந்து கலங்கி நிற்கும் எங்கள் சகோதர சகோதரிகளுக்கு ஹலாலான, கண்ணியமான, பரக்கத்தான வழியைத் திறந்து தருவாயாக! நீ கொடுத்த கல்வியை எங்களுக்கும் பிறருக்கும் பயனுள்ளதாக ஆக்குவாயாக! கடனில் இருந்தும், பிறரிடம் கையேந்தும் நிலையில் இருந்தும் எங்கள் குடும்பங்களைப் பாதுகாப்பாயாக! ஒருவர் சுமையை ஒருவர் தாங்கும் ஜமாஅத்தாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.